தவறணையும் குழந்தையும்: மொன்றியல் நகரத்துச் சரித்திரத்தில் ஓர் ஏடு

சென் லோரன்ஸ் மகாநதியின் நடுவே அமைந்த தீவொன்றில், பூர்வகுடிகளைக் கிறிஸ்து வேதத்திற்குக் கொண்டுவரவேண்டும் என்னும் பக்தி நோக்கத்தோடு, 1642ஆம் ஆண்டில் மெசொன்னேவ் என்னும் பிரபுவின் தலைமையில் வில்-மரி என்ற பெயரால் நிறுவப்பட்ட சிறு குடியேற்றம், ஒரு தலைமுறை கழிவதற்குள் பீவர்த் தோலுக்குப் பிராந்தி கொடுத்துப் பண்டமாற்றுச் செய்யும் சந்தையாக மாறிப்போனது. அந்தச் சந்தையே பின்னாளில் மொன்றியல் என்னும் மாநகரமாயிற்று. பூர்வகுடிகளுக்குப் பிராந்தி விற்போர் திருச்சபையினின்றும் விலக்கப்படுவர் என்று லவால் மேற்றிராணியார் 1660இல் கட்டளை பிறப்பித்தார். 1678இல் கியூபெக் நகரிலே கூட்டப்பட்ட பிரமுகர் சபையில் பெரும்பாலோர், பிராந்தி இல்லையேல் தோல் வியாபாரம் முழுவதும் ஆங்கிலேயர் கைக்குப் போய்விடும் என்று வாதாடி அவ்வியாபாரத்தை ஆதரித்தனர். வியாபாரியின் இலாபம், அரசனின் ராஜதந்திரம், ஆத்துமாவின் ரட்சிப்பு ஆகிய மூன்றும் அந்த வாதத்திலே தராசில் ஏறி இறங்கின. குடிபோதையில் வீடு திரும்பிய தகப்பனை எதிர்கொண்ட குழந்தையைப்பற்றி எவரும் வாய் திறந்தாரில்லை. மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இந்நகரம் மதுவைப்பற்றி ஓயாமல் வழக்காடி வந்திருக்கிறது. அந்த நெடிய வழக்கிலே குழந்தை சாட்சியாக அழைக்கப்படுவதற்கு எவ்வளவு காலம் சென்றது, அழைக்கப்பட்டபோது அது என்ன சொல்லிற்று என்பதே இக்கட்டுரையில் நான் ஆராய விரும்பும் விஷயம்.

இந்நகரத்தின் பழம்பெரும் தர்ம ஸ்தாபனங்களுள் ஒன்று மதுவியாபாரி ஒருவனின் வீட்டிலிருந்தே தோன்றியது. 1701இல் வரென் என்னும் ஊரிற் பிறந்த மார்கெரித் என்ற பெண்மணி, 1722இல் பிரான்சுவா தியூவில் என்பவனுக்கு வாழ்க்கைப்பட்டு மொன்றியலில் குடியிருந்தார். அவனோ, தேசாதிபதியின் நிழலில் நின்றுகொண்டு, மேற்றிசையிலிருந்து தோல்மூட்டைகளோடு படகேறி வரும் பூர்வகுடிகளை, அவர்கள் நகரச் சந்தையை அடையுமுன்னரே வழியிலுள்ள தீவொன்றில் மறித்து, சட்டத்திற்கு மாறாகச் சாராயம் கொடுத்துச் சரக்கைப் பெற்றுக்கொள்ளும் தொழிலை உடையவன். 1730இல் அவன் இறந்தபோது மனைவிக்கு எஞ்சியவை, பெருங்கடனும், இரண்டு ஆண்மக்களும், வயிற்றிலே ஒரு கருவுமே. பெற்ற ஆறு பிள்ளைகளுள் அந்த ஆண்மக்கள் இருவரைத் தவிர ஏனையோர் சிசுப் பருவத்திலேயே இறந்தனர். சிறு கடையொன்றை நடத்திக் கடனை அடைத்த அம்மையார், 1737இன் இறுதியில் தோழியர் மூவரோடு சேர்ந்து ஏழைகளைப் பேணும் விரதத்தை மேற்கொண்டபோது, கணவன் விட்ட கள்ளச் சாராய வியாபாரத்தை இவளும் நடத்துகிறாள் என்றும், இப்பெண்களே குடித்து மயங்குகிறார்கள் என்றும் ஊரார் தூற்றினர். தெருவிலே கல்லெறிந்தோரும் உண்டு. ஒருவன் செய்த தொழிலின் பழி, அவன் மண்ணுக்குப் போய் ஏழாண்டுகள் கழிந்த பின்னும் அவன் வீட்டாரைத் தொடர்ந்து வந்தது.

அந்த வீட்டிலே வளர்ந்த ஆண்மக்கள் இருவரும் குருத்துவம் பெற்றனர். இளையவரான சாள் என்பவரே தம் தாயாரின் முதல் ஜீவிய சரித்திரத்தை எழுதியவர். தகப்பன் இறந்தபோது அவருக்கு வயது ஒன்று. ஆகவே தகப்பனைப்பற்றி அவர் அறிந்தவை யாவும் தாயாரின் வாயாலும் அயலாரின் வாயாலும் கேட்டறிந்தவையே. அயலார் என்ன சொல்லியிருப்பர் என்பதை ஊகிப்பது அரிதன்று. அம்மையாரோ 1747இல் பாழடைந்துகிடந்த பொது வைத்தியசாலையை ஏற்று, 1754 தொடக்கம் தெருவோரங்களிலே கைவிடப்பட்ட சிசுக்களை எடுத்து வளர்க்கலானார். சாம்பல்நிற அங்கி பூண்ட அக்கன்னியரின் மடம் அடுத்த இரு நூற்றாண்டுகளில் ஆயிரமாயிரம் குழந்தைகளுக்குக் கூரையாயிற்று. 1990இல் உரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் சூட்டப்பட்டது. மதுவினால் வந்த அவமானத்தை அனுபவித்து அறிந்த ஒருவரே குழந்தையை நோக்கி முதலிற் கை நீட்டினார் என்பதை நான் தற்செயலாகக் கருதவில்லை.

பிரெஞ்சு அரசு போய் ஆங்கில அரசு வந்த பின்னர், 1786இல் ஜோன் மோல்சன் என்னும் இளைஞர் நதிக்கரையிலே நிறுவிய பியர் வடிசாலை, இந்நகரத்தின் பொருளாதாரத்திலே மது நிலையான ஆசனம் பெற்றதற்கு அடையாளம். 1825இல் லஷீன் கால்வாய் திறக்கப்பட்டு, அதன் இரு கரைகளிலும் ஆலைகள் எழுந்து, அயர்லாந்திலிருந்து பஞ்சத்துக்குத் தப்பி வந்தோரும் கியூபெக் கிராமங்களிலிருந்து நிலமின்றி வந்தோரும் கிரிபின்ரவுனிலும் பொயின்ற் சென் சாள்ஸிலும் நெருங்கிக் குடியேறியபோது, தொழிலாளியின் வாழ்விலே தவறணை வகித்த இடம் பெரிது. (யாழ்ப்பாணத்தார் கள்ளுக்கடைக்கு வழங்கும் சொல்லையே இங்கும் வழங்குகிறேன், நம்மவர்க்கு அதன் வாசனை தெரியும்.) மார்கழி தொடங்கிச் சித்திரை வரையில் நதி உறைந்து துறைமுகம் மூடப்படும், மூட்டை சுமப்போனுக்கு அக்காலத்தில் வேலையில்லை, வீடோ ஒற்றை அறை, ஈரச் சுவர், புகையும் அடுப்பு. தவறணையில் வெப்பம் இருந்தது, வெளிச்சம் இருந்தது, வேலை எங்கே கிடைக்கும் என்ற செய்தி இருந்தது.

அத்தவறணைக்காரருள் பெரும்புகழ் பெற்றவர் சாள்ஸ் மக்கியர்னன். ஜனங்கள் அவரை ஜோ பீவ் என்றே அழைத்தனர். பிரித்தானிய இராணுவத்திலிருந்து விலகிய இந்த அயர்லாந்துக்காரர், துறைமுகத் தெருவிலே நடத்திய தவறணையில் கரடிகளை வளர்த்து அவற்றுக்குப் பியர் ஊற்றியது வேடிக்கைக் கதையாக இன்றும் சொல்லப்படுகிறது. ஆயினும் 1877இல் லஷீன் கால்வாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது மூவாயிரம் ரொட்டிகளையும் ஐந்நூறு கலன் சூப்பையும் அவர்களுக்கு அனுப்பியவரும் இவரே; பசித்து வந்தவனைக் காசில்லை என்று துரத்தாதவரும் இவரே. 1889இல் அவர் இறந்தபோது தொழிலாளர் கூட்டம் தெருவை நிறைத்தது. தவறணையை நரகத்தின் வாயில் என்று பிரசங்கித்தவர்கள், அது செய்துவந்த இந்த உதவியைக் காண மறுத்தனர். இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும்: தொழிலாளிக்குத் தவறணை கொடுத்த வெப்பமும் தோழமையும் அவன் மனைவி மக்களுக்குக் கிடைக்கவில்லை; சனிக்கிழமைக் கூலியின் ஒரு பங்கு அங்கே நின்றுபோக, மிஞ்சியதே வீட்டுக்கு வந்தது. 1896இல் இந்தப் பகுதியில் வீடு வீடாகக் கணக்கெடுத்து, ஏறக்குறைய 38,000 ஜனங்களின் வாழ்க்கை நிலையை அடுத்த ஆண்டு நூலாக வெளியிட்ட ஹேபேட் ஏம்ஸ் என்னும் கனவான், வீட்டின் அறைகளையும் வாடகையையும் மலசலகூடங்களையும் எண்ணியதோடு மதுக்கடைகளையும் எண்ணினார். அவரது நூல் கனடிய சமூகவியலின் முன்னோடி என்பதில் ஐயமில்லை. எண்ணக்கூடியவற்றையெல்லாம் எண்ணிய அந்த நல்ல மனிதருக்கும், அவ்வீடுகளின் குழந்தைகளை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை.

குழந்தை அப்போது வேறொரு வேலைக்கு அழைக்கப்பட்டிருந்தது. மதுவிலக்கு இயக்கம் அதனைத் தன் விளம்பரப் பலகையில் வரைந்துகொண்டது. 1840களில் இவ்வியக்கம் கியூபெக் முழுவதும் பரவிய வேகம் ஆச்சரியமானது. சாள் சினிக்கி என்னும் குருவானவர், பூர்ஜே மேற்றிராணியாரின் அழைப்பின்மேல் மொன்றியல் மறைமாவட்டத்துக்கு வந்து பங்கு பங்காகப் பிரசங்கித்தபோது, பல்லாயிரக்கணக்கானோர் எழுந்து நின்று மதுவைத் தொடோம் என்று பிரதிக்ஞை செய்தனர். (இவரே பின்னர் சபையோடு முரண்பட்டு அமெரிக்காவுக்குச் சென்று பிரஸ்பிற்றேரியன் போதகரானார், அது வேறு கதை.) கெர்ற்றியே என்னும் குருவானவர் 1842இல் தொடங்கிவைத்த சங்கத்தின் வழியே, உருவம் எதுவும் பொறிக்கப்படாத வெறும் கறுப்பு மரச்சிலுவை ஒன்று, குடும்பத்தின் மதுவிலக்கு விரதத்துக்குச் சாட்சியாக வீடுகளின் சுவரில் ஏறியது. ஆங்கிலப் புரட்டஸ்தாந்தரிடையே, 1847இல் லீட்ஸ் நகரிலே தோன்றிய நம்பிக்கைக் கூட்டம் என்னும் சிறுவர் சங்கத்தின் மாதிரி பரவிற்று. எழுத்துக்கூட்டிப் படிக்கவும் அறியாத பாலகர் மதுவிலக்குப் பிரதிக்ஞையிற் கையெழுத்திட்டனர். அக்காலத்து மதுவிலக்கு இலக்கியத்திலே, தகப்பனைத் தேடித் தவறணைக்குச் சென்ற சிறுமி, எறியப்பட்ட கண்ணாடிக் குவளை தலையிற் பட்டு இறக்கிறாள், 1854இல் தி. ச. ஆதர் என்னும் அமெரிக்கர் எழுதிய அக்கதை நாடகமாகவும் மேடையேறி எண்ணற்றோரை அழவைத்தது.

அழவைத்த குழந்தை யாவும் கற்பனைக் குழந்தை. அது தூயது, பொறுமையானது, தகப்பனைத் திருத்திவிட்டு இறந்துபோவது. உயிரோடிருக்கும் குழந்தை அப்படியன்று. குடிகாரத் தகப்பனின் மகன் பள்ளியிலே அடிதடி செய்வான், பொய் சொல்வான், வாத்தியாரை எதிர்த்துப் பேசுவான். அவனைக் கண்டு அழுவார் எவருமில்லை. மேலும் பிரதிக்ஞை என்பது பெரியவனுக்கு ஆத்தும காரியம். அதை நம்பி நாளெண்ணும் பிள்ளைக்கோ அது தன் தலைமேல் ஏற்றப்பட்ட பாரம். தகப்பன் சத்தியத்தை மீறிய ஒவ்வொரு முறையும், பெரியவர்களின் வார்த்தைக்குப் பெறுமதியில்லை என்பதை அது புதிதாகப் படிக்கிறது. தான் சரியாக நடக்காததாலேயே அப்பா மீண்டும் குடித்தார் என்றும் தனக்குள்ளே முடிவுகட்டிக்கொள்கிறது. சுவரில் கறுப்புச் சிலுவை தொங்க, அதன் கீழே தகப்பன் தள்ளாடிக்கொண்டு நின்ற வீடுகள் எத்தனையோ இருந்திருக்கவேண்டும். அவ்வீட்டுப் பிள்ளைகள் பக்தியைப்பற்றி என்ன நினைத்தார்கள் என்பதை எழுதிவைத்தவர் இல்லை. மதுவிலக்குப் பெரியோரின் நல்லெண்ணத்தை நான் மதிக்கிறேன். அவர்களால் பல வீடுகளில் அடுப்பெரிந்தது என்பதும் உண்மை. ஆயினும் குழந்தையை அவர்கள் வாதத்துக்குத் துணையாகவே கொண்டார்கள் என்ற குறை என் மனத்தில் நிற்கிறது.

இதற்கிடையில், பிரசங்கமும் பிரதிக்ஞையும் இன்றி ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. 1858இல் சாம்பல்நிற அங்கிக் கன்னியர், ரூசெலோ என்னும் குருவானவரின் முயற்சியோடு, வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மாரின் பிள்ளைகளைப் பகல் முழுவதும் வைத்துப் பேணும் சாலையொன்றைத் திறந்தனர். தொடர்ந்து வேறு சாலைகளும் திறக்கப்பட்டன. காலையில் வந்த பிள்ளைக்கு அங்கே சூடான ஆகாரமும் பாட்டும் உறக்கமும் உண்டு. மாலையில் அது வீட்டுக்குப் போகும். அநாதை இல்லங்களும் பெயரளவிலேயே அநாதைகளுக்கு உரியவை. அவற்றின் பதிவேடுகளை ஆராய்ந்த சரித்திர ஆசிரியர்கள், அங்கிருந்த பிள்ளைகளிற் பலருக்குத் தாயோ தகப்பனோ இருவருமோ உயிரோடிருந்தனர் என்றும், வேலையின்மை, நோய், மரணம், தகப்பன் ஓடிப்போதல், குடி ஆகிய காரணங்களால் பெற்றோர் தாமே சில மாதங்களுக்கோ ஓரிரு ஆண்டுகளுக்கோ அவர்களை அங்கே விட்டுப் பின்னர் மீட்டுக்கொண்டனர் என்றும் காட்டியிருக்கின்றனர். குடிகாரனுக்கு மனைவியான ஓர் ஏழைப் பெண்ணுக்கு, பிள்ளையைக் காப்பாற்ற அக்காலத்திலே கிடைத்த வழிகளுள் இதுவே பெரும்பாலும் நடைமுறையிற் கைகூடியது. 1869இல் மாகாண அரசு கைவிடப்பட்ட சிறுவருக்குக் கைத்தொழிற் பள்ளிகளும் குற்றம் செய்த சிறுவருக்குச் சீர்திருத்தப் பள்ளிகளும் அமைக்கச் சட்டம் செய்தது. 1908இன் சமஷ்டிச் சட்டத்தைப் பின்பற்றி 1912இல் மொன்றியலில் சிறுவர் நீதிமன்றம் கூடியது. அந்நீதிமன்றத்துக்கு வந்த வழக்குகளிற் கணிசமானவற்றில் முறைப்பாடு செய்தவர்கள் பெற்றோரே. அடங்காப் பிள்ளை என்று சொல்லித் தம் மகனையோ மகளையோ நீதிபதியின் முன் நிறுத்தினர். பிள்ளையின் நடத்தை விசாரணைக்கு வந்தது. அந்நடத்தையை உண்டாக்கிய வீடு பல வேளைகளில் விசாரணைக்கு வெளியே நின்றது.

கன்னியர் மடங்களைப் புகழ்ந்து எழுதும்போது மறைக்கக்கூடாத ஒன்றையும் இங்கே எழுதுகிறேன். 1940களிலும் 1950களிலும், டியூப்ளெசி முதலமைச்சராயிருந்த காலத்தில், இம்மாகாணத்து அநாதை இல்லங்களிலிருந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பொய்யாக மனநோயாளர் என்று வகுக்கப்பட்டு மனநோய் வைத்தியசாலைகளுள் அடைக்கப்பட்டனர். அங்கே அவர்கள் பட்ட கொடுமைகளுக்கு 2001இலேதான் அரசு நஷ்டஈடு வழங்க இணங்கிற்று. கூரை இருந்தால் போதாது, கூரையின் கீழே பிள்ளையைப் பெயர்சொல்லி அழைக்கும் ஒருவர் இருக்கவேண்டும்.

மதுவை அடியோடு விலக்கும் கோரிக்கைக்குக் கியூபெக் ஒருபோதும் முற்றாக இணங்கவில்லை. 1898இல் கனடா முழுவதும் எடுக்கப்பட்ட குடியொப்பத்திலே ஏனைய மாகாணங்கள் மதுவிலக்கை ஆதரிக்க, இம்மாகாணம் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் எதிர்த்து வாக்களித்தது. 1919இல் பியரையும் வைனையும் அனுமதிக்க வேண்டும் என்று மீண்டும் பெருவாரியாகத் தீர்ப்பளித்தது. 1921இல் அரசே மதுவகைகளை விற்கும் ஆணைக்குழு ஒன்று நிறுவப்பட்டது. கம்பி வலைக்குப் பின்னே நின்ற உத்தியோகத்தன், வாங்க வந்த ஒருவனுக்கு ஒருமுறை ஒரு போத்தல் சாராயமே விற்கலாம் என்பது தொடக்ககாலச் சட்டம். ஐக்கிய அமெரிக்கா வறண்டுகிடந்த அக்காலத்தில் குடிப்பதற்கென்றே மொன்றியலுக்கு ரயிலேறி வந்தோர் அநேகர். மாகாணக் கருவூலம் நிறைந்தது. தவறணைகளோ ஆண்களுக்கு மட்டுமே உரிய இடங்களாக இறுகி, 1980கள் வரையிலும் சில அவ்வாறே நின்றன. கணவன் உள்ளே இருக்கிறானா என்று பார்க்கவும் மனைவி கதவைத் தாண்ட இயலாது.

ஆணைக்குழுவின் காலத்திலேயே இரண்டு வகைத் தோழமைகள் வளர்ந்தன. டொமினிக்கன் சபைக் குருவானவர் ஒருவர் 1911இல் மசச்சூசெற்ஸின் பிரெஞ்சு ஆலைத் தொழிலாளரிடையே தொடங்கிய லக்கோர்தேர் வட்டங்கள், சில ஆண்டுகளுள் கியூபெக்கிற்குப் பரவி, நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பங்குதோறும் கிளைகொண்டன. பெண்களுக்குப் புனித ஜோன் ஆர்க்கின் பெயரால் தனி வட்டம் இருந்தது. மற்றையது, குடிநோயாளர் ஒருவர் மற்றொருவருக்குத் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனோனிமஸ்; தங்கள் மரபின்படி டேவ் பி. என்று மட்டுமே அறியப்பட்ட ஒருவரின் முயற்சியால் அது 1944இல் மொன்றியலில் வேர்கொண்டது. இதே நகரில் 1985இல் அந்த இயக்கம் தன் ஐம்பதாம் ஆண்டு மகாநாட்டைக் கூட்டியபோது உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் பல்லாயிரவர் வந்து குழுமினர். குடியை ஒழுக்கக்கேடு என்று மட்டும் எண்ணாமல் நோயென்றும் எண்ணும் மனோபாவத்தை இவர்கள் பரப்பியதனால், குடிகாரனின் குடும்பத்தையும் நோய் தீண்டிய குடும்பமாகப் பார்க்க வழி பிறந்தது. 1951இல் மனைவிமாருக்கும் உறவினருக்குமான அல்-அனோன் தோன்றிற்று. 1957இல் கலிபோர்னியாவிலே, தகப்பன் ஒரு கூட்டத்துக்கும் தாய் மற்றொரு கூட்டத்துக்கும் போய்க்கொண்டிருக்க, பதினேழு வயதுப் பையன் ஒருவன் தன்போன்ற பிள்ளைகளுக்கென்று ஒரு கூட்டத்தைத் தானே தொடங்கினான், அதுவே அலற்றீன். குழந்தை தன் வாயாலே பேசிய முதற்கூட்டம் இதுவென்று சொல்லலாம். பெரியோர் அதனைக் கூட்டித்தரவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

கேட்கும் செவி ஒன்று ரொறன்ரோவிலிருந்து வந்தது. அங்கே குடிநோய் ஆராய்ச்சி நிலையத்திலே பணியாற்றிய மார்கரெற் கோர்க் என்னும் சமூக சேவகி, குடிப்பழக்கமுள்ள பெற்றோரின் பிள்ளைகள் 115 பேரை, பத்து வயது முதல் பதினாறு வயது வரையிலுள்ளவர்களை, தனித்தனியே அமர்த்திப் பேசவைத்து, அவர்கள் சொன்னவற்றை 1969இல் நூலாக வெளியிட்டார். மறக்கப்பட்ட பிள்ளைகள் என்பது அந்நூலின் பெயர். வீட்டிலே உங்களை மிகவும் வருத்துவது எது என்று கேட்டபோது, பெரும்பாலான பிள்ளைகள் குடியை முதலிற் சொல்லவில்லை. பெற்றோரின் சண்டையையும் சச்சரவையும் சொன்னார்கள். குடிக்கும் தகப்பன்மேல் இருந்த கோபத்தைப் போலவே, அவனைக் காப்பதிலும் கண்டிப்பதிலும் மூழ்கித் தங்களை மறந்துவிட்ட தாயின்மேலும் சிலருக்கு மனத்தாங்கல் இருந்தது. தோழரை வீட்டுக்கு அழைக்க அஞ்சினார்கள்; ஆகவே தோழரின் வீட்டுக்குப் போவதையும் விட்டார்கள். மூன்று நூற்றாண்டுகளாகப் பெரியோர் போத்தலைப் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தது வேறு.

இப்பிள்ளைகளின் மனோநிலையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். குடிக்கும் வீட்டிலே குழந்தையை அரிப்பது நிச்சயமின்மை. இன்று அப்பா கதவைத் திறந்து வரும்போது சிரிப்பாரா, அடிப்பாரா, அழுவாரா, அப்படியே விழுந்து உறங்குவாரா என்பது எவருக்கும் தெரியாது. ஆகவே வாடைக்காற்றின் குறியறிந்து வள்ளம் இறக்கும் கரையூர் மீனவனைப் போல, படிக்கட்டில் ஏறும் காலடியின் ஓசையிலிருந்தே அன்றைய இரவின் கதியை அறியும் வித்தையை அது கற்றுக்கொள்கிறது. அவ்வித்தையில் தேர்ந்த மனம் பள்ளியிலே பாடத்தில் நிற்பதில்லை. ஆசிரியர் குரலை உயர்த்தினால் உடல் நடுங்குகிறது, அல்லது முந்திக்கொண்டு தாக்குகிறது. மூத்த பெண்பிள்ளை பத்து வயதிலேயே வீட்டின் தாயாகிச் சமைத்துத் தம்பி தங்கையரை உறங்கவைத்து, எல்லோராலும் கெட்டிக்காரி என்று புகழப்படுகிறாள். அந்தப் புகழுக்குள்ளே அவளுடைய பிள்ளைப்பருவம் புதைந்துபோனதை எவரும் கேட்பதில்லை. இன்னொரு பிள்ளை இருக்குமிடம் தெரியாமல் ஒடுங்குகிறது. இன்னொன்று வீட்டின் கோபம் முழுவதையும் தெருவிலே கொட்டுகிறது. நடத்தைக் கேடு என்று பள்ளி எழுதுவதும், அமைதியான பிள்ளை என்று பள்ளி மெச்சுவதும் ஒரே துக்கத்தின் இரு கோலங்களாக இருக்கலாம். இவை யாவற்றுக்கும் மேலாக இரகசியம் ஒன்று உண்டு. வீட்டில் நடப்பதை வெளியிலே சொல்லக்கூடாது என்று யாரும் கற்பிக்காமலே குழந்தை அறிந்துகொள்கிறது.

இத்தகைய பிள்ளைகள் எல்லோரும் கெட்டழிவர் என்று கொள்வது பெரும்பிழை. ஹவாயிலுள்ள கவாய்த் தீவிலே 1955இற் பிறந்த குழந்தைகளைப் பல பதிற்றாண்டுகள் தொடர்ந்து அவதானித்த எமி வேர்ணர் என்னும் உளவியலறிஞர், அவர்களுள் குடிநோயாளரின் பிள்ளைகளாயிருந்த 49 பேரில் 59 வீதத்தினர், பதினெட்டு வயதளவில் பெருந்தொல்லை எதுவுமின்றி வளர்ந்திருந்ததை 1986இல் எழுதினார். அவர்களுக்கு வாய்த்திருந்த பாக்கியங்களுள் முக்கியமானது, சிசுப்பருவத்திலே பராமரித்தவரின் முழுக் கவனம். தியூவில் அம்மையாரின் ஆண்மக்களை இவ்விடத்தில் நினைத்துக்கொள்கிறேன். மொன்றியலிலும் இதே காலத்தில் ஆராய்ச்சிகள் நடந்தன. மக்கில் சர்வகலாசாலையிலே றொபேட் பீல் என்பவரும் அவரது மாணாக்கரும், தலைமுறை தலைமுறையாகக் குடிநோயுள்ள குடும்பங்களிற் பிறந்த ஆண்மக்களின் இருதயம், அச்சமூட்டும் நிலையில் ஏனையோருடையதைவிட வேகமாகத் துடிப்பதையும், மது அத்துடிப்பைத் தணிப்பதையும் கண்டு எழுதினர். தகப்பனின் பழக்கம் மகனிடம் ஏன் தொற்றுகிறது என்பதற்கு அது ஒரு விளக்கம். 1984இல் றிச்சாட் திரம்பிளே என்பவர், நகரத்தின் ஏழைப் பகுதிப் பாலர் வகுப்புகளிலிருந்த 1,037 ஆண்பிள்ளைகளைத் தொடர்ந்து நோக்கத் தொடங்கினார்; அடங்காதவர்கள் என்று ஆசிரியர்கள் குறித்த பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, ஏழு முதல் ஒன்பது வயது வரையில், வீட்டிலே பெற்றோருக்கும் பள்ளியிலே பிள்ளைக்கும் பயிற்சியளித்தபோது, அப்பிள்ளைகள் வாலிபப் பருவத்திலே மதுவையும் ஏனைய போதைகளையும் மற்றோரைவிடக் குறைவாகவே நாடினர் என்பது பின்னர்த் தெரியவந்தது. வீட்டுக்குச் சென்று உதவியதும், குறித்த வயதிற்குள் உதவியதுமே அதன் சிறப்பு என்பது என் அபிப்பிராயம்.

சட்டமும் மெல்ல மெல்ல இவ்வழியில் வந்தது. 1977இல் இயற்றப்பட்டு 1979இல் நடைமுறைக்கு வந்த இளைஞர் பாதுகாப்புச் சட்டம், குழந்தையை உரிமையுள்ள ஒரு நபராக ஏற்று, அதன் பாதுகாப்பைக் கண்காணிக்கும் பணிப்பாளரை நியமித்தது, டி.பி.ஜே. என்ற மூன்றெழுத்தால் அப்பதவியை இந்நகரத்தார் யாவரும் அறிவர். 2019இல் கிரான்பி என்னும் ஊரிலே ஒரு சிறுமி இறந்த துயரத்தின் பின்னர் றெஜீன் லோரான் தலைமையில் அமைந்த ஆணைக்குழு, 2021இல் இம்முறையின் குறைகளையெல்லாம் வெளிப்படையாக எடுத்துரைத்தது.

நம்மவர் கதை இவ்விடத்திலே வந்து சேருகிறது. 1986 ஆவணியில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளிலே மிதந்துகொண்டிருந்த ஈழத்தமிழர் 155 பேர் மீட்கப்பட்டபோது, அவர்களிற் பலர் மொன்றியலையும் ரொறன்ரோவையும் நாடினர். அவர்களுக்கு முன்னும் பின்னும் வந்தவர்கள் கோத்-தே-நேஜிலும் பார்க் எக்ஸ்ரென்சனிலும் வாடகை வீடுகளில் வாழ்வைத் தொடங்கினர். இரவு வேலை, குளிர், ஊரிலே இறந்தோரின் நினைவு, கூப்பிடக் காத்திருக்கும் உறவினரின் கடன் ஆகியவற்றுக்கு நடுவே சிலர் போத்தலைத் துணையாக்கிக்கொண்டனர். கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்த திருவள்ளுவரைப் படித்த சமூகம் நாம். ஆயினும் “அப்பா வெறியிலை வந்திருக்கிறார், வெளியிலை சொல்லாதை” என்ற வார்த்தையைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதிலும் நாம் சமர்த்தர். யாழ்ப்பாணத்திலே அவ்வார்த்தைக்கு ஒரு மாற்று இருந்தது. வேலிக்கு அப்பால் அம்மம்மாவின் வீடு இருந்தது; இரவிலே பாயைச் சுருட்டிக்கொண்டு பிள்ளைகள் அங்கே ஓடலாம்; மாமா வந்து அதட்டலாம். மொன்றியலின் மூன்றாம் மாடி வீட்டிலே அம்மம்மா இல்லை. டி.பி.ஜே. என்றாலே பிள்ளையைப் பறித்துக்கொண்டு போவார்கள் என்ற பயம் தாய்மார் மனத்தில் இருப்பதனால், பள்ளியின் ஆசிரியரிடமும் வாய் திறப்பதில்லை.

இந்நகரத்துத் தமிழ்ப்பிள்ளைக்கு இன்னொரு விசேஷமான பாரமும் உண்டு. 1977இன் 101ஆம் சட்டத்தின்படி குடியேறினோரின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கே செல்லவேண்டும். அதனால் வீட்டிலே பிரெஞ்சு நன்கறிந்தவர் பெரும்பாலும் பிள்ளையே. வாடகைக் கடிதத்தை வாசிப்பதும், மின்சாரக் கணக்கைக் கேட்பதும், சுகாதார நிலையத்திலே தாயோடு சென்று மொழிபெயர்ப்பதும் அதற்கு விதித்த வேலை. தகப்பன் எவ்வளவு குடிக்கிறார், கை நீட்டுகிறாரா என்று வைத்தியர் கேட்கும் கேள்வியைத் தாய்க்கும், தாய் தலைகுனிந்து சொல்லும் விடையை வைத்தியருக்கும் எடுத்துச் சொல்லவேண்டிய பன்னிரண்டு வயதுப் பிள்ளை, வெறி என்று தாய் சொன்னதைக் களைப்பு என்று மாற்றிச் சொல்லிவிட்டு வெளியே வரும். தமிழ் மொழிபெயர்ப்பாளரை வருவிக்கும் ஏற்பாடு இந்நகரத்துச் சுகாதார, சமூகசேவை நிலையங்களில் உண்டு. முன்கூட்டியே கேட்டு வைக்கவேண்டும். அவ்வாறு ஒருவர் வந்து அமர்ந்தால், பிள்ளைக்குத் தாயின் வாயாக இருக்கும் வேலை நீங்குகிறது. சமூக சேவகர் அதனைத் தனியே அடுத்த அறைக்கு அழைத்து, நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க முடிகிறது.